சோச்சி 2014, ஆறாவது ஆட்டம்: ஆனந்த் கோட்டை விட்ட அந்த ஒரு நகர்த்தல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஆட்டத்தைப் பற்றிய பக்கம் இது?

2014 நவம்பரில் ரஷ்யாவின் சோச்சி நகரில் மாக்னஸ் கார்ல்சனும் விஸ்வநாதன் ஆனந்தும் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்காக மோதிய போட்டியின் ஆறாவது ஆட்டம் இது. நவம்பர் 15 அன்று நடந்தது. முந்தைய ஆண்டு சென்னையில், சொந்த ஊர் மக்களின் முன்னிலையில், 6.5–3.5 என்ற கணக்கில் பட்டத்தை இழந்திருந்த ஆனந்த், 2014 மார்ச்சில் காந்தி-மான்சீஸ்க் நகரில் நடந்த, சாம்பியனை எதிர்த்து ஆடுபவரைத் தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் தொடரை வென்று மறுபடியும் அதே எதிராளியின் முன்னால் வந்து அமர்ந்திருந்தார். பன்னிரண்டு ஆட்டங்களாகத் திட்டமிடப்பட்ட போட்டியில் முதல் ஐந்து முடிந்தபோது கணக்கு 2.5–2.5. இரண்டாவது ஆட்டத்தை கார்ல்சனும் மூன்றாவதை ஆனந்தும் வென்றிருந்தார்கள், மற்றவை டிரா. ஆறாவது ஆட்டத்தின் 26-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் ஒரு பெரும்பிழை செய்தார். அடுத்த நகர்த்தலிலேயே ஆனந்த் அதைக் கவனிக்காமல் விட்டார், பன்னிரண்டு நகர்த்தல்கள் கழித்துத் தோற்றார்.

காய்களுக்கும் கட்டங்களுக்கும் இங்கே என்ன பெயர் பயன்படுத்தப்படுகிறது?

ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய். சில வீடுகளில் ராணியையே மந்திரி என்று சொல்லும் வழக்கம் உண்டு. இந்தப் பக்கத்தில் மந்திரி என்றால் குறுக்குக்கோட்டில் ஓடும் பிஷப் மட்டுமே. வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து பத்திகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச்; வரிசைகள் 1 முதல் 8 வரை. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. இதைத் திரையில் பார்ப்பதைவிடக் கையால் காயை நகர்த்திப் பார்க்கும்போதுதான் சங்கதி உறைக்கிறது.

பிழை நடந்தபோது பலகையில் நிலை என்ன?

வெள்ளை (கார்ல்சன்): ராஜா டி2, யானைகள் ஜி4, எச்5, மந்திரிகள் சி2, இ3, சிப்பாய்கள் ஏ2, சி3, சி4, இ5, எஃப்2, ஜி2.

கறுப்பு (ஆனந்த்): ராஜா பி7, யானைகள் ஜி8, எச்8, மந்திரி சி6, குதிரை ஜி6, சிப்பாய்கள் ஏ5, பி6, சி5, இ6, எஃப்7, எச்6.

ராஜாவை சி1-இலிருந்து டி2-க்கு கார்ல்சன் இப்போதுதான் வைத்திருக்கிறார். நகர்த்த வேண்டியது கறுப்பு.

இந்த நிலைக்கு ஆட்டம் சிசிலியன் தற்காப்பு என்ற தொடக்கத்தின் வழியாக வந்தது. ஒன்பதாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்பட்டுவிட்டன. கறுப்பு ராஜா கோட்டை கட்டும் உரிமையை இழந்து, சி7 வழியாக நடந்து பி7-க்கு வந்து சேர்ந்திருக்கிறது. வெள்ளைக்கு இரண்டு மந்திரிகளும் நெருக்கும் யானைகளும் உள்ளன. தனித்து நிற்கும் எச்6 சிப்பாயைக் காப்பதற்காகவே கறுப்பின் ஒரு யானை எச்8-இல் கட்டுண்டு கிடக்கிறது. பார்த்த எவரும் வெள்ளையின் கை ஓங்கியிருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். இது முக்கியம்; கீழே இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

அப்படியானால் வெற்றி எங்கே இருந்தது?

ஜி6 குதிரை இ5 சிப்பாயை வெட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சிப்பாயை எச்5 யானை காத்துக்கொண்டிருக்கிறது. ஆகையால் முதல் பார்வைக்கு இது குதிரையைச் சும்மா கொடுப்பது போலத் தெரியும். ஆனால் குதிரை ஜி பத்தியை விட்டு விலகியதும் ஜி8 யானையின் பார்வை நேராக ஜி4 யானையின் மேல் விழுகிறது, அந்த யானைக்கோ காவல் இல்லை. வெள்ளை எச்5 யானையால் குதிரையை வெட்டினால், கறுப்பு ஜி4 யானையை வெட்டிவிடும்: ஒரு குதிரைக்கு ஒரு யானையும் ஒரு சிப்பாயும், போதாததற்கு ஜி2 சிப்பாயின் மேல் யானையும் மந்திரியும் சேர்ந்து குறி.

வெள்ளை முந்திக்கொண்டு ஜி4 யானையால் ஜி8 யானையை வெட்டினால்தான் வேடிக்கை. கறுப்பு உடனே திருப்பி வெட்டுவதில்லை. இ5 குதிரை சி4 சிப்பாயை வெட்டி டி2 ராஜாவுக்குச் செக் வைக்கிறது. செக் என்பதால் வெள்ளைக்கு எச்8 யானையை வெட்டிக்கொள்ள நேரமில்லை. ராஜாவை நகர்த்தியே ஆக வேண்டும். ராஜா டி3-க்கு வந்து குதிரையை மிரட்டினால், குதிரை பி2-க்குப் போய் மறுபடியும் செக். ராஜா விலகியதும் எச்8 யானை நிதானமாக ஜி8-இல் இருக்கும் வெள்ளை யானையை வெட்டுகிறது. கணக்குப் பார்த்தால் யானைக்கு யானை சரி, கறுப்பின் பையில் இரண்டு சிப்பாய்கள் அதிகம், ஜி2 சிப்பாயும் விழும் நிலையில். வெள்ளை எச்6 சிப்பாயை வெட்டி ஒன்றை மீட்டால் கறுப்பு ஜி2-ஐ வெட்டி இடைவெளியை மறுபடியும் இரண்டாக்கிக்கொள்ளும்.

இது உறுதியான வெற்றியா, அல்லது சாதகம் மட்டும்தானா?

கார்ல்சன் அந்த இடத்திலேயே தோல்வியை ஒப்புக்கொண்டிருப்பார் என்று சிலர் எழுதுவது மிகை. இன்னும் ஆட வேண்டிய முடிவாட்டம் ஒன்று மீதம் இருந்திருக்கும். ஆனால் இரண்டு சிப்பாய்கள் கூடுதலாகவும் சுறுசுறுப்பான காய்களோடும், நாற்பதாவது நகர்த்தல் வரைக்கும் இரண்டு மணி நேரம் என்ற நிதானமான கடிகாரத்திலும், அந்த நிலையை ஆனந்த் தரத்து வீரர் வெல்லாமல் விடுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. வென்றுவிட்ட ஆட்டம் என்றே இதைச் சொல்லலாம்.

ராஜா டி2-க்கு வராமல் இருந்தால் இதே தந்திரம் பலித்திருக்குமா?

பலித்திருக்காது. இந்த ஆட்டத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ராஜா சி1-இல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குதிரை இ5-ஐ வெட்டுகிறது. வெள்ளை யானை ஜி8-ஐ வெட்டுகிறது. குதிரை சி4-ஐ வெட்டுகிறது. இப்போது அது செக் இல்லை. வெள்ளை யானை எச்8-இல் இருக்கும் இரண்டாவது யானையையும் விழுங்கிவிடும், ஆட்டம் முடிந்தது. சரி, சி4-ஐ விட்டுவிட்டு உடனே ஜி8-ஐத் திருப்பி வெட்டலாமே என்றால், எச்5 யானை இ5 குதிரையை எடுத்துக்கொள்ளும். அதற்கு ஈடாகக் கறுப்புக்குக் கிடைப்பது இ5, ஜி2 என்று இரண்டு சிப்பாய்கள்தான். ஆகவே சி1 ராஜாவோடு இது தவறான தந்திரம். ஒரே ஒரு கட்டம் நகர்ந்ததில் தவறு சரியாகிவிட்டது.

இனி அதற்கு முந்தைய நகர்த்தல்களைப் பாருங்கள். 23-ஆவது நகர்த்தலில் ஆனந்த் ஏ5 வைக்கிறார். 24-இல் வெள்ளை மந்திரி சி2-இலிருந்து டி1-க்குப் போகிறது. கறுப்பு யானை ஜி8-இலிருந்து டி8-க்குப் போகிறது. 25-இல் மந்திரி சி2-க்கே திரும்புகிறது. யானையும் ஜி8-க்கே திரும்புகிறது. அதாவது 23-க்குப் பிறகு இருந்த அதே நிலை, காய்க்குக் காய் அப்படியே மீண்டும் வந்திருக்கிறது. அந்த நிலையில் குதிரை இ5-ஐ வெட்ட முடியாது என்பது இருவர் மனத்திலும் ஏற்கெனவே தீர்ந்த கணக்கு. அந்த நிலையிலிருந்து கார்ல்சன் விலகிய முதல் அடியே ராஜா டி2. தீர்ந்துபோன கணக்கு அந்த அடியில்தான் செல்லாததாகிவிட்டது.

மூன்று காய்கள் ஒரே நேரத்தில் பொருந்தி நின்றிருக்க வேண்டும் என்பதையும் கவனிக்கலாம். மந்திரி டி1-இலேயே இருந்திருந்தால் அது ஜி4 யானைக்குக் காவல். கறுப்பு யானை டி8-இலேயே இருந்திருந்தால் வெள்ளை ராஜா டி பத்தியை மிதிக்கவே முடியாது. குதிரை விலகினாலும் ஜி பத்தியில் தாக்க யானையும் இருந்திருக்காது. ஆனந்தின் யானை ஜி8-க்குத் திரும்பியதுதான் ராஜாவுக்கு டி2-ஐத் திறந்துவிட்டது. அதே திரும்புதல்தான் பொறியையும் வைத்தது. தான் வைத்த பொறி என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போனது.

கார்ல்சனுக்குத் தன் பிழை தெரிந்ததா?

காயை வைத்த பிறகே தெரிந்தது என்று ஆட்டத்துக்குப் பின் நடந்த செய்தியாளர் சந்திப்பில் அவர் ஒப்புக்கொண்டார். எதிராளி யோசிக்கும் அந்த நேரத்தில் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது போட்டிகளில் ஆடியவர்களுக்குத் தெரியும். ராஜாவை டி2-க்குக் கொண்டுபோனதன் நோக்கம் இயல்பானதே: ராஜாவை மறுபக்கம் கொண்டுசென்று யானைகளுக்குத் துணை நிறுத்துவது. நேராக இ2-க்குத் தாவ முடியாதே. இடையில் டி2 என்ற ஒரு படி இருந்தது.

ஆனந்த் அதற்குப் பதிலாக என்ன ஆடினார்? ஏன்?

ஏ5 சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவும் இல்லை. சிப்பாயை ஏ3 வரை கொண்டுபோய் ஏ2-ஐ முடக்கி, மந்திரியை ஏ4-க்கும் யானையை டி1-க்கும் கொண்டுவரும் எதிர்த்தாக்குதல் அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும். பின்னால் ஆட்டத்தில் வந்ததும் அதுதான். திட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத நகர்த்தல். வெற்றி ஒன்று பக்கத்தில் இல்லாதிருந்தால் யாரும் அதைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டார்கள்.

சிப்பாயைத் தள்ளிக் கையை எடுத்ததும் தமக்கும் அது தெரிந்துவிட்டதாக ஆனந்த் பின்னர் சொன்னார். பரிசு வரும் என்று எதிர்பார்க்காதபோது அது கையில் வந்தாலும் வாங்கத் தோன்றுவதில்லை என்ற பொருளில் அவர் பேசியது அப்போது பல செய்திகளில் வந்தது. அடுத்த நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை இ2-க்கு எடுத்துப்போய்விட்டார். சி4-இல் இனிச் செக் கிடையாது. வாய்ப்பின் ஆயுள் சரியாக ஒரே ஒரு நகர்த்தல்.

பள்ளி மாணவனுக்கே தெரியும் தந்திரம் ஐந்து முறை உலக சாம்பியனானவருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

இந்தக் கேள்வியில் ஒரு சிறு மோசடி ஒளிந்திருக்கிறது. பள்ளி மாணவனுக்கு இந்த நிலையைக் காட்டும்போது நாம் சொல்லிவிடுகிறோம்: ‘கறுப்பு ஆடி வெல்ல வேண்டும்.’ அந்த வாக்கியமே பாதி விடை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான் இதை வைத்துப் பார்த்திருக்கிறேன். வெல்ல வேண்டும் என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் குதிரையைத் தூக்குகிறார்கள். அதே நிலையை வைத்து, ‘கறுப்பு கொஞ்சம் நெருக்கடியில் இருக்கிறது, எப்படிச் சமாளிப்பாய்?’ என்று கேட்டால், பெரியவர்களே எஃப்7, எச்6 என்று காவலைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஆனந்தின் காதில் ‘வெல்ல வேண்டும்’ என்று சொல்ல யாரும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது இரண்டாவது கேள்வியை. தற்காப்பில் இருக்கும் மனம் எதிராளியின் ஒவ்வொரு நகர்த்தலிலும் ‘இதில் எனக்கு என்ன ஆபத்து?’ என்று மட்டும் தேடுகிறது. டி2-இல் நிற்கும் ராஜாவால் கறுப்புக்கு ஆபத்து எதுவும் இல்லை. ஆகவே தேடல் அங்கேயே நின்றுவிட்டது. ‘இதில் அவருக்கு என்ன ஆபத்து?’ என்ற மறுபாதிக் கேள்வி எழவில்லை.

பதற்றம், வயது, சென்னையில் பட்ட அடி என்று காரணங்களை அடுக்குகிறவர்கள் உண்டு. அவருக்கு அப்போது 44 வயது, எதிரே இருந்தவருக்கு 23. ஆனால் அதே 23 வயதுக்காரர்தான் அதே தந்திரத்தைக் காணாமல் ராஜாவை அங்கே கொண்டுபோய் வைத்தார். இருவர் கண்ணுக்கும் ஒரே இடத்தில் திரை விழுந்திருக்கும்போது வயதை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. முன்பே நிராகரித்த நகர்த்தலை மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. அதிகம் இல்லை, அவ்வளவே.

நேரடி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி உடனே தெரிந்தது?

அவர்கள் அருகில் கணினி இருந்தது. ராஜா டி2-க்கு வந்த கணமே யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி காட்டும் மதிப்பீட்டுக் கோடு கறுப்பின் பக்கம் சாய்ந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மனிதர்களின் ஆட்டம் முழுக்க பிழைகளாகவே தோன்றும். அது பார்ப்பவர்களுக்கு வந்திருக்கும் புது நோய்.

வாய்ப்பைத் தவறவிட்டதும் ஆட்டம் தோற்றுவிட்டதா?

இல்லை. ஏ4-க்குப் பிறகும் நிலை தற்காக்கக் கூடியதாகவே இருந்தது. தோல்வி அதற்கடுத்த ஐந்தாறு நகர்த்தல்களில் வந்தது. 31-ஆவது நகர்த்தலில் ஆனந்த் தம் மந்திரியை சி6-இலிருந்து ஏ4-க்குக் கொண்டுபோனார். நீண்ட குறுக்குக்கோடு காவலின்றித் திறந்தது. வெள்ளை மந்திரி இ4-க்கு வந்து பி7 ராஜாவுக்குச் செக் வைத்தது. போன மந்திரி சி6-க்கே திரும்ப வேண்டியதாயிற்று. உடனே கார்ல்சன் அந்த மந்திரியால் ஜி6 குதிரையை வெட்டினார். எஃப்7 சிப்பாயால் திருப்பி வெட்டியதும் வெள்ளை யானை ஜி6 சிப்பாயையும் அடுத்து இ6 சிப்பாயையும் பொறுக்கியது. ஏ3 சிப்பாயும் போயிற்று. 38-ஆவது நகர்த்தலில் யானை இ7-இல் செக் வைத்தபோது ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இ5-ஐ வெட்டியிருக்க வேண்டிய அதே ஜி6 குதிரை, இருந்த இடத்திலேயே வெட்டுப்பட்டது.

என் கணிப்பில் இந்த இரண்டாவது பகுதிதான் ஆராய்ச்சிக்கு அதிகம் தகுந்தது, ஆனால் யாரும் அதை எடுப்பதில்லை. தவறவிட்டது தெரியாமலே இருந்திருந்தால் ஆனந்த் டிரா செய்திருக்கக்கூடும். தெரிந்த பிறகு, மனம் 26-இல் நிற்க, கை 31-இல் ஆடியது.

அந்த ஆட்டத்தை வென்றிருந்தால் பட்டம் ஆனந்துக்கு வந்திருக்குமா?

3.5–2.5 என்று அவர் முன்னிலை பெற்றிருப்பார் என்பது வரை நிச்சயம். நடந்தது தலைகீழ். அடுத்த நான்கு ஆட்டங்களும் டிரா. அவற்றில் ஏழாவது ஆட்டம் 122 நகர்த்தல்கள் நீண்டது. நவம்பர் 23 அன்று நடந்த பதினோராவது ஆட்டத்தில், ஒன்று பின்தங்கிய நிலையில், கறுப்புக் காய்களோடு ஆனந்த் ஒரு யானையைக் கொடுத்து மந்திரியை வாங்கும் துணிச்சலில் இறங்கினார்; அது பலிக்கவில்லை. 6.5–4.5 என்று போட்டி முடிந்தது. முன்னிலையில் இருந்திருந்தால் அந்தத் துணிச்சலுக்கே தேவை வந்திருக்காது. அதற்கு மேல் சொல்வது ஜோசியம்.

உலகப் பட்டப் போட்டிகளில் இதுபோல் வேறு உண்டா?

1892-இல் ஹவானாவில் ஸ்டைனிட்ஸுக்கு எதிராக மிகைல் சிகோரின் ஆடிய 23-ஆவது ஆட்டம் இதைவிடக் கொடுமையானது. ஒரு குதிரை கூடுதலாக வைத்திருந்த சிகோரின், எச்2 கட்டத்தைக் காத்துக்கொண்டிருந்த தம் மந்திரியை 32-ஆவது நகர்த்தலில் பி4-க்கு எடுத்தார். இரண்டே நகர்த்தலில் மேட். பட்டம் ஸ்டைனிட்ஸிடமே தங்கியது.

வாய்ப்பைத் தவறவிடாததற்கு உதாரணம் வேண்டுமென்றால் 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். கடைசியான பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2-க்கு வைத்தார். சென்னையின் குகேஷ் யானைகளை வெட்டிக்கொண்டு, மந்திரியை டி5-க்குக் கொண்டுவந்து அதையும் வெட்டக் கட்டாயப்படுத்தினார். எஞ்சிய சிப்பாய் முடிவாட்டம் எளிய வெற்றி. பதினெட்டு வயதில் பட்டம். ஆனால் சோச்சியோடு இதை ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: குகேஷ் அந்த ஆட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு நெடுநேரமாக வெற்றியைத் தேடிக்கொண்டேதான் இருந்தார்.

என் சொந்த ஆட்டத்தில் தவறவிட்ட வெற்றியை எப்படி ஆராய்வது?

முதலில் கணினியைத் திறக்காதீர்கள். அது விடையைச் சொல்லும். நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்பதைச் சொல்லாது. ஆட்டம் முடிந்த அன்றே, ஆட்டத்தாளில் ஒவ்வொரு முக்கிய இடத்திலும் என்ன நினைத்தீர்கள் என்று இரண்டு சொற்களில் எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நினைவு உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்.

அதற்குப் பிறகு கணினி காட்டும் இடத்துக்குப் போய், வாய்ப்பைத் தவறவிட்ட நகர்த்தலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வாய்ப்பு பிறந்த நகர்த்தலைப் பாருங்கள். எதிராளி எந்தக் காயை நகர்த்தியதால் அது பிறந்தது? அந்தக் காய் விட்டுவந்த கட்டம் எது, வந்து சேர்ந்த கட்டம் எது? சோச்சியில் விடை ‘சி1-இலிருந்து டி2’. உங்கள் ஆட்டத்திலும் பெரும்பாலும் இப்படி ஒரு வரியில் அடங்கிவிடும். பிறகு அதற்கு முன் நீங்கள் மனத்தில் எண்ணி ‘இது நடக்காது’ என்று தள்ளிய நகர்த்தல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். எதிராளியின் புது நகர்த்தல் அந்தக் காரணங்களில் ஒன்றை அழித்துவிட்டதா என்று பார்ப்பதுதான் பயிற்சி. பத்து ஆட்டங்களுக்கு இப்படிச் செய்தால், பலகையின் முன்னாலேயே அந்தப் பட்டியல் ஓடத் தொடங்கும்.

இன்னொன்று: தவறவிட்ட நகர்த்தலுக்குப் பிறகு வந்த ஐந்து நகர்த்தல்களைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் செலவிட்டீர்கள் என்று கடிகாரக் குறிப்பைப் பாருங்கள்.